துளையிடும் பொறியும் துடைக்கும் கையும்

நிபோங் திபால் என்னும் ஊர்ப்பெயர் ஒரு மரத்தின் வழி வந்தது. நிபோங் என்பது சதுப்பு நிலங்களிலும் ஆற்றோரங்களிலும் வளரும் முள்ளடர்ந்த பனையினம். திபால் என்னும் மலாய்ச்சொல் தடிப்பையும் அடர்த்தியையும் குறிக்கும். பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றின் கரையில் அமைந்த இவ்வூரைச் சுற்றிக் கலிடோனியா, பைராம், வால்டோர், டிரான்ஸ்கிரியான் எனத் தோட்டங்கள் பல விரிந்து கிடந்தன. அத்தோட்டங்களின் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நின்று, அங்கு வாழ்ந்த மக்களின் நினைவைக் காத்து வந்துள்ளன.

இவ்வட்டாரத்தின் பழமையைக் காண வருவோர் பெரும்பாலும் கலிடோனியாத் தோட்டத்தில் சிதைந்து நிற்கும் தொண்ணூற்றொன்பது கதவு மாளிகையையே தேடிச் செல்கின்றனர். முதலாளி வாழ்ந்த மாளிகைக்குக் கதைகள் பல பிறந்துவிட்டன. பேய்க்கதைகளும் அவற்றுள் அடங்கும். ஆனால், அம்மாளிகைக்குச் செல்வம் சேர்த்த ஆலைகள் எவ்வாறு இயங்கின, ஓடி ஓடித் தேய்ந்த இயந்திரங்களை யார் பழுது பார்த்தனர் என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. ஆலைக்கு அருகே ஒரு பட்டறை இருந்தது. பட்டறையில் கொல்லுலையும் பட்டடைக்கல்லும் கடைசல் பொறியும் துளையிடும் பொறியும் இருந்தாக வேண்டும். அவை இன்றி எந்த ஆலையும் ஓராண்டு முழுவதும் ஓடியிருக்க இயலாது. அவற்றுள் துளையிடும் பொறி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வந்த வழியையும் அதனைப் பேணும் முறையையும் ஆராய்ந்தால், இவ்வட்டாரத்தின் உழைப்பு வரலாற்றில் மறைந்து கிடக்கும் ஒரு பக்கம் புலப்படும்.

கரும்பு வந்த வரலாறு

1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினி பெற்ற கரையோர நிலப்பகுதியே வெல்லெஸ்லி மாநிலம் எனப் பெயர் பெற்றது. இன்றைய செபராங் பிறை அதுவே. இப்பகுதியின் தென்புறத்திலும் பத்து காவானிலும் முதலில் கரும்பு பயிரிட்டோர் சீனர்கள். எருமைகளைப் பூட்டிச் சுழற்றிய உருளைகளால் கரும்பைப் பிழிந்து, திறந்த கொப்பரைகளில் சாற்றைக் காய்ச்சினர். 1840களில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இத்தொழிலில் இறங்கினர். 1846ஆம் ஆண்டில் பினாங்கு, வெல்லெஸ்லிப் பகுதிகளின் சர்க்கரைக்குப் பிரிட்டனில் வரிச்சலுகை கிடைத்ததும் தொழில் வேகமாக வளர்ந்தது. இங்குக் கரும்பு பயிரிட்டு அனுபவம் பெற்ற லெனார்ட் ரே என்பவர் 1848ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட கரும்புத் தொழில் நூல், அக்காலத் தோட்டக்காரர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது.

பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எட்வர்ட் ஹோர்ஸ்மன் இப்பகுதியில் பல தோட்டங்களுக்கு உரிமையாளரானார். அவருக்குப் பின் அவை ராம்ஸ்டன் குடும்பத்தாரின் கைக்கு வந்தன. பினாங்குச் சர்க்கரைத் தோட்டங்கள் என்ற பெயரில் அறியப்பட்ட அத்தொகுதியில் கலிடோனியாவே தலைமை இடமாக விளங்கியது. எருமை சுழற்றிய இடத்தில் நீராவி இயந்திரம் வந்தது. கரும்பைப் பிழிய இரும்பு உருளைகள், சாற்றைக் குறைந்த வெப்பத்தில் காய்ச்ச வெற்றிடக் கொப்பரைகள், பாகிலிருந்து சர்க்கரையைப் பிரிக்கச் சுழல் கூடைகள் எனப் பெரும் இயந்திரத் தொகுதி இவ்வயல்வெளியின் நடுவே எழுந்தது. பிழிந்து உலர்த்திய சக்கையே கொதிகலனுக்கு விறகாயிற்று.

கரும்பு வெட்டவும் வாய்க்கால் தோண்டவும் ஆலையில் உழைக்கவும் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய அவர்களுள் மிகப் பலர் இத்தோட்டங்களிலேயே குடியமர்த்தப்பட்டனர். மலாயாத் தமிழரின் தோட்ட வாழ்க்கை இரப்பரோடு தொடங்கியதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கரும்போடு, இத்தகைய ஆலைகளின் புகைநிழலில் தொடங்கியது.

ஆலைக்குத் துணை பட்டறை

சர்க்கரை ஆலை காலத்தோடு போட்டியிடும் தொழில். வெட்டிய கரும்பை ஓரிரு நாட்களுக்குள் பிழிந்தாக வேண்டும்; தாமதித்தால் சாறு புளித்துச் சர்க்கரை குறைந்துவிடும். ஆகவே, உருளையின் அச்சில் ஓர் ஆணி ஒடிந்தாலும், குழாய்களை இணைக்கும் விளிம்பில் ஒரு திருகு தேய்ந்தாலும் வயல் முழுவதும் வெட்டிய கரும்பு வீணாகும் நிலை ஏற்படும். அக்காலச் சர்க்கரை இயந்திரங்களை உலகெங்கும் அனுப்பிய நிறுவனங்கள் பல ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருந்தன. 1869ஆம் ஆண்டில் சூயெஸ் கால்வாய் திறக்கும்வரை ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியே வரவேண்டியிருந்தது. கால்வாய் திறந்த பின்பும், எழுதிய கடிதம் சென்று சேர்ந்து உதிரிப்பொருள் வந்து சேர மாதங்கள் ஆயின. ஒடிந்த உறுப்புக்கு மாற்று உறுப்பை இங்கேயே செய்து பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்விடத்தில்தான் துளையிடும் பொறியின் அருமை விளங்கும். இரும்பை உலையில் காய்ச்சி அடித்து வளைக்கலாம்; ஆனால் வளைத்த இரும்பை இன்னொன்றோடு இணைக்கத் துளை வேண்டும். அத்துளை குறித்த இடத்தில், குறித்த அளவில், நேராக அமைய வேண்டும். எட்டுத் திருகுகளால் இணையும் குழாய் விளிம்பில் ஒரு துளை சிறிது விலகினும் எட்டும் பொருந்தா. கொதிகலன் தகடுகளில் துளைகளைக் குத்திப் பெறும் முறை முதலில் வழங்கியது. குத்துவதால் துளையின் ஓரம் இறுகி வெடிப்பு விடக் காரணமாகிறது என்பது தெரிந்தபின், பொறியால் துளையிடும் முறையே பாதுகாப்பானதெனக் கொள்ளப்பட்டது. ஆகவே, ஒரு துளையின் செம்மை கொதிகலன் அருகே நின்று உழைப்போரின் உயிரோடு தொடர்புடையது.

ஆலையின் பொறுப்பு ஐரோப்பியப் பொறியாளர்களிடம் இருந்தது. வரைபடங்களும் கணக்குகளும் அவர்கள் பெயரில் அமைந்தன. உலையில் துருத்தி ஊதியோர், எண்ணெய்க் குவளையோடு ஏணியில் ஏறியோர், இரும்புத்தூள் படிந்த மேசையைத் துடைத்தோர் ஆகியோரின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை.

துளையின் பழைய வரலாறு

துளையிடும் கலை தமிழருக்குப் புதிதன்று. மனித இனத்திற்கே மிகப் பழையது. இன்றைய பாக்கிஸ்தானில் உள்ள மெகர்கர் என்னுமிடத்தில், ஏழாயிரத்து ஐந்நூறு முதல் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதரின் கடைவாய்ப் பற்களில் கல்முனைக் கருவியால் இட்ட துளைகள் காணப்பட்டன. 2006ஆம் ஆண்டில் அறிஞர்கள் இதனை வெளியிட்டனர். தமிழகத்தின் கொடுமணல் அகழாய்வில் துளையிட்ட கல்மணிகளோடு, செய்து முடிக்கப்படாத மணிகளும் கிடைத்தன. பினாங்குக்கு வடக்கே கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கிலும் பழங்கால மணிகள் பல கண்டெடுக்கப்பட்டுள்ளன. கடல்கடந்த வணிகத்தில் கைமாறிய அம்மணி ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கைவினைஞனின் பொறுமை துளையாக நிற்கிறது.

தமிழில் இத்தொழிலுக்குரிய சொற்களும் உண்டு. தமர் என்பது கருவியால் அமைத்த துளையைக் குறிக்கும். தமரூசி, துறப்பணம் என்பன துளையிடும் கருவிகளின் பெயர்கள். தச்சர்கள் வில்லின் கயிற்றைத் துறப்பணத்தின் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்துத் துளையிட்டனர். மரத்திற்கு இது போதும். ஆனால், வில் முன்னே செல்லும்போது ஒரு பக்கமும் பின்னே வரும்போது மறுபக்கமும் கருவி சுழல்வதால், ஒரே திசையில் தொடர்ந்து வெட்டும் ஆற்றல் அதற்கில்லை. தடித்த இரும்பைத் துளைக்க இடையறாது ஒரே திசையில் சுழலும் பொறி வேண்டியதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தொழிற்கூடங்கள் அப்பொறியை உருவாக்கின. கனத்த அடித்தளம், அதன்மேல் நிமிர்ந்த தூண், தூணில் ஏறி இறங்கும் மேசை, மேலே சுழலும் கதிர், கதிரின் நுனியில் துளையலகு என்னும் அமைப்பு அப்பொழுதே நிலைபெற்றுவிட்டது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841ஆம் ஆண்டில் திருகுப் புரிகளுக்கு ஒரே அளவுமுறை வேண்டும் என வாதிட்டு, அதற்கு வழியும் வகுத்தார். 1863ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் முறுக்குத் துளையலகுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னிருந்த தட்டை அலகுகள் சுரண்டிய இரும்புத்தூள் துளைக்குள்ளேயே அடைத்துக்கொண்டது. முறுக்கு அலகின் சுருள் பள்ளங்கள் அதனைத் தாமே மேலேற்றி வெளியே தள்ளின. 1900ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் டெய்லர், ஒயிட் என்னும் இருவரின் முயற்சியில் விளைந்த அதிவேக எஃகு உலகத்தின் கவனத்தைக் கவர்ந்தது. அலகு செங்கனலாகச் சூடேறினும் கூர்மை இழவாமல் வெட்டும் ஆற்றல் அதற்கு இருந்தது. 1902ஆம் ஆண்டில் ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முத்தாடைப் பிடிப்பான், அலகை எளிதில் மாற்றவும் மையத்தில் இறுகப் பிடிக்கவும் உதவியது. தொழிலாளர் வழக்கில் அது இன்றும் சக் என்றே வழங்குகிறது.

அக்காலப் பட்டறைகளில் ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி மின்னோடி இல்லை. கூரையின்கீழ் நீண்ட தண்டு ஒன்று நீராவி இயந்திரத்தால் சுழலும். அத்தண்டிலிருந்து தோல்வார்ப்பட்டைகள் இறங்கி ஒவ்வொரு பொறியையும் சுழற்றும். படிப்படியாக அளவு மாறும் கப்பிகளில் பட்டையை ஒரு படியிலிருந்து மறுபடிக்கு மாற்றி வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வர். மின்னோடி வந்தபின் தண்டும் தோல்வாரும் மறைந்தன. படிக்கப்பி மட்டும் பல பொறிகளில் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

பேணும் முறை

துளையிடும் பொறியைப் பேணுவது கடினமான கலையன்று. ஆனால் நாள்தோறும் செய்தாக வேண்டிய கடமை. அதன் முதற்படி துடைத்தல். வேலை முடிந்தவுடன் மேசையிலும் அதன் பள்ளங்களிலும் தங்கிய இரும்புச் சுருள்களைத் தூரிகையால் அகற்ற வேண்டும். கையால் அள்ளினால் விரல் அறுபடும். காற்றால் ஊதினால் தூள் கண்ணிலும் பொறியின் இடுக்குகளிலும் புகும். துடைத்த தூணுக்கும் மேசைக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுத் தரவேண்டும். கடலும் ஆறும் நெற்பரப்பும் சூழ்ந்த கிரியான் கரையில் காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் குறைவதில்லை. இங்கு ஒரு வாரம் எண்ணெய் காணாத இரும்பு துருவால் செந்நிறம் கொள்ளும். துருவேறிய தூணில் மேசை ஏறி இறங்க மறுக்கும். வலிந்து இறக்கினால் தூண் கீறலுறும்.

அடுத்தது கூம்பு. கதிரின் உட்குழியும் அலகின் அல்லது சக்கின் அடித்தண்டும் கூம்பு வடிவில் ஒன்றுக்கொன்று இசைந்து பொருந்துகின்றன. இம்முறைக்கும் மோர்ஸின் பெயரே வழங்குகிறது. திருகோ பூட்டோ இன்றி, இரு பரப்புகளும் முழுமையாக ஒட்டுவதால் ஏற்படும் உராய்வே பிடிப்பைத் தருகிறது. இடையில் ஒரு துளி இரும்புத்தூள் சிக்கினாலும் பிடி தளரும். அலகு நழுவிச் சுழன்று இரு பரப்புகளையும் கீறும். கீறிய கூம்பு மீண்டும் நன்றாகப் பிடிக்காது. ஆதலின் பொருத்தும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் தூய துணியால் துடைப்பது இன்றியமையாதது. கழற்றும்போது அதற்கென உள்ள ஆப்பைச் செருகித் தட்டவேண்டும். கீழே மேசைமீது ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டால் விழும் சக்கும் பழுதாகாது, மேசையும் வடுப்படாது.

மூன்றாவது நேர்மை. கதிர் ஆட்டமின்றிச் சுழல்கிறதா என்பதை அறிய, நேரான மெருகிட்ட உருளைக்கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கையால் சுழற்றி, முள்மானியால் அளக்கவேண்டும். முள் ஆடினால் குறை கதிரிலா, கூம்பிலா, சக்கின் தாடையிலா என ஒவ்வொன்றாகப் பிரித்துக் காணவேண்டும். மேசை கதிருக்குச் செங்குத்தாக உள்ளதா என்பதை அறியவும் எளிய வழி உண்டு. வளைத்த கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து, அதன் நுனி மேசையை ஒரு புறத்தில் இலேசாகத் தொடுமாறு அமைத்து, மெல்லச் சுழற்றினால் நான்கு புறமும் ஒரே இடைவெளி இருக்கவேண்டும். விலை உயர்ந்த கருவி இல்லாத தோட்டப் பட்டறைக்கும் இது இயலும்.

நான்காவது பட்டை. பட்டை மிக இறுகினால் தாங்கிகள் தேயும். மிகத் தளர்ந்தால் நழுவிச் சூடேறும். விரலால் அழுத்தினால் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும் இறுக்கமே அளவானது. பழைய பொறிகளின் வெண்கலத் தாங்கிகளுக்கு எண்ணெய்க் குவளையிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கவேண்டும். பிற்காலக் குண்டுத் தாங்கிகளுக்குக் கிரீஸ் போதும். அதனையும் அளவுக்கு மேல் திணித்தால் தாங்கி வெப்பமடையும். கைப்பிடியை விட்டதும் கதிரை மேலேற்றும் சுருள்வில்லைக் கழற்றுவது அனுபவம் உடையோர்க்கே உரியது. இறுக்கத்தில் இருக்கும் வில் விடுபட்டால் கையைக் கிழித்துவிடும்.

ஐந்தாவது அலகின் கூர். பொதுவான இரும்பு வேலைக்கு நுனியின் கோணம் 118 பாகை. இரு வெட்டுவாய்களும் நீளத்தில் ஒத்திருக்க வேண்டும். ஒன்று நீண்டால் துளை அலகைவிடப் பெரிதாகிவிடும். இரு பள்ளங்களிலிருந்தும் ஒத்த அளவில் சுருள் வெளிவந்தால் தீட்டியது சரி என்று கொள்ளலாம். வேகத்திலும் கருத்துத் தேவை. அதிவேக எஃகு அலகு மென்னிரும்பை நிமிடத்திற்கு 25 மீட்டர் அளவில் வெட்டலாம் எனக் கொண்டால், 5 மில்லிமீட்டர் அலகு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,600 சுற்றுகளும், 10 மில்லிமீட்டர் அலகு 800 சுற்றுகளும், 20 மில்லிமீட்டர் அலகு 400 சுற்றுகளும் சுழலவேண்டும். அலகு பெருக்கப் பெருக்க வேகம் குறைய வேண்டும் என்னும் இக்கணக்கைப் பள்ளி மாணவரும் வட்டத்தின் சுற்றளவைக் கொண்டு தாமே செய்து பார்க்கலாம். சிறிய அலகுக்கு வைத்த பட்டையை மாற்றாமல் பெரிய அலகை ஓட்டுவோர், சில நொடிகளில் அதன் கூரைக் கருக்கிவிடுவர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக உடலின் பாதுகாப்பு. துளையிடும் பொருளைக் கையால் பிடிக்காமல் மேசையோடு இறுக்கிக் கட்டவேண்டும். அலகு மறுபுறம் வெளிப்படும் கணத்தில் பொருளைப் பற்றிச் சுழற்றும் இயல்பு உண்டு; அவ்வேளையில் கை அதன் பாதையில் இருத்தல் ஆகாது. சக்கின் சாவியை எடுத்த பின்னரே பொறியை ஓட்டவேண்டும். தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை, கட்டாத கூந்தல், கையுறை ஆகியன சுழலும் கதிரின் அருகே வரக்கூடாதவை.

பேணப்படாதோர்

பொறிக்கு எவ்வளவு கவனம் தேவை என்பதைக் கண்டபின், அப்பொறிகளின் பக்கத்தில் வாழ்ந்த மனிதருக்கு எவ்வளவு கவனம் கிடைத்தது என்று கேட்காமல் இருத்தல் இயலாது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867ஆம் ஆண்டில் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்தபின், அங்கு ஆட்களை அனுப்புவது 1872ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்டது. 1884ஆம் ஆண்டில் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கினால் சிறைத்தண்டனை பெற்றனர். 1890ஆம் ஆண்டில் அரசு அமைத்த தொழிலாளர் விசாரணைக் குழு, வெல்லெஸ்லிப் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத் தொழிலாளரிடையே இறப்பு மிகுந்திருந்ததைப் பதிவு செய்தது. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும், போதாத உணவும், தூய்மையற்ற குடிநீரும் அவர்களை வாட்டின.

ஆலையின் தாங்கிக்கு எண்ணெய் வற்றினால் இரைச்சல் எழும், பொறியாளர் ஓடிவருவார். பழுதான உருளைக்கு மாற்று வாங்கப் பணம் வேண்டும். ஆதலின் அது பேணப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளி நோயுற்று வீழ்ந்தால் அடுத்த கப்பலில் வேறொருவர் வந்தார். எளிதில் மாற்றத்தக்கதாகக் கருதப்படும் எதுவும் பேணப்படுவதில்லை. நீண்ட எதிர்ப்புக்குப் பின், 1910ஆம் ஆண்டில் மலாயாவுக்கான ஒப்பந்தக்கூலி முறை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்நாள் வரை இம்மண்ணில் புதைந்தோரின் உழைப்பும் சர்க்கரையாகிக் கப்பலேறிச் சென்றது.

இரப்பரும் அதற்குப் பின்னும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு பின்வாங்கி இரப்பர் முன்னேறியது. கரும்பு நின்ற நிலத்தில் இரப்பர் மரங்கள் எழுந்தன. கொப்பரைகள் இருந்த இடத்தில் பால் உறையவைக்கும் தொட்டிகளும், இரப்பர்ப் பாளங்களை அழுத்தும் உருளைகளும், புகையறைகளும் வந்தன. 1903ஆம் ஆண்டிற்குள் பிறையிலிருந்து சிரம்பான் வரை இருப்புப்பாதை தொடர்ந்து இணைந்துவிட்டதால், இயந்திரங்களும் உதிரிப்பொருள்களும் வந்துசேர்வது எளிதாயிற்று. 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் செந்தூலில் எழுந்த இரயில்வேத் தொழிற்கூடத்தில் தமிழர் பலர் வேலை பெற்றனர். தோட்டத்தில் எண்ணெய்க் குவளை பிடித்த கை, நகரத்தில் ஊதியம் பெறும் தொழிற்கையாக மாறும் வழி அங்கிருந்து விரிந்தது. பிட்டர், டர்னர், போர்மேன் என்னும் சொற்கள் தமிழ்க் குடும்பங்களில் மதிப்புக்குரிய பட்டங்களாயின.

நாட்டின் விடுதலைக்குப் பின் பட்டறைகளில் ஒரு புதிய சிக்கல் தோன்றியது. பிரிட்டிஷ் இயந்திரங்கள் விட்வொர்த் அளவில் இருந்தன. அமெரிக்க இயந்திரங்கள் வேறோர் அங்குலப் புரியைக் கொண்டிருந்தன. 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தை ஒட்டி மலேசியா மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. எட்டில் மூன்று அங்குலம் என்பது 9.525 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் ஆணி அத்துளையில் நுழையாது. மூன்று அளவுமுறைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, கையில் எடுத்த ஆணி எந்நாட்டினது என்று புரியைப் பார்த்தே சொல்லத்தக்க அறிவு அக்காலப் பட்டறைத் தொழிலாளிக்குத் தேவைப்பட்டது. அவ்வறிவுக்குச் சான்றிதழ் தந்தோர் இல்லை.

1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் சுழலும் உறுப்புகளுக்கு வேலியிடுவதைக் கட்டாயமாக்கியது. 1994ஆம் ஆண்டில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2024ஆம் ஆண்டில் பழைய சட்டம் நீக்கப்பட்டு, பாதுகாப்புக் கடமைகள் பிற்சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. பொறியைப் பேணுவதும் பொறியருகே நிற்பவரைப் பேணுவதும் ஒரே கடமையின் இரு கூறுகள் என்று சட்டம் ஏற்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே, 1972ஆம் ஆண்டில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது; பிறையிலும் தொழிற்பேட்டைகள் பெருகின. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வந்தமையால், நிபோங் திபால் வட்டார இளைஞர்கள் ஆலைப் பேருந்துகளில் ஏறினர். 2001ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் பேராவிலிருந்து நிபோங் திபாலுக்கு இடம் மாறியது. ஒருகாலத்தில் பெயர் எழுதப்படாத கைகள் இயந்திரங்களுக்கு எண்ணெயிட்ட வட்டாரத்தில், இன்று பொறியியல் பட்டம் பெற மாணவர்கள் வருகின்றனர். கணினி இயக்கும் துளைப்பொறிகள் வந்துவிட்ட இந்நாளிலும், கூம்பைத் துடைத்துப் பொருத்துவதும் அலகின் கூரைக் காப்பதும் மாறவில்லை.

ஆயுத பூசையும் அழிந்துவரும் சொற்களும்

தமிழர் மரபில் பொறியைப் பேணுவதற்கு ஒரு திருநாளே உண்டு. நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் கருவிகளையும் இயந்திரங்களையும் கழுவித் துடைத்து, திருநீறும் சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று அவற்றுக்கு ஓய்வு தருவது வழக்கம். மலேசியத் தமிழரின் பட்டறைகளிலும் இவ்வழக்கம் தொடர்ந்து வருகிறது. பொட்டிடுமுன் இயந்திரத்தின் ஒவ்வொரு மூலையும் துடைக்கப்படுகிறது. துடைக்கும் கை தேய்ந்த பட்டையையும் விரிசல் விட்ட உறுப்பையும் கண்டுகொள்கிறது. பக்தி, பராமரிப்புக்கு ஒரு நாளைக் குறித்துத் தந்திருக்கிறது. அந்நாளின் கவனம் எஞ்சிய நாட்களுக்கும் பரவும்போதுதான் பூசை முழுமை பெறும்.

பேணவேண்டியவை இரும்புப் பொறிகள் மட்டுமல்ல. தமரூசி, துறப்பணம், கப்பி, கதிர் முதலிய சொற்கள் அகராதிகளுக்குள் ஒதுங்கி வருகின்றன. பட்டறைத் தொழிலாளர் ஆங்கிலச் சொல்லையும் மலாய்ச் சொல்லையும் தமிழ் வினையோடு இணைத்துப் படைத்த தொழில்மொழியோ எழுதப்படாமலே அவர்களோடு மறைந்து வருகிறது. துருவேறிய தூணைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். வழக்கொழிந்த சொல்லை மீட்பது அவ்வளவு எளிதன்று.

இப்பணியில் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. தோட்டப் பட்டறைகளிலும் இரயில்வேக் கூடங்களிலும் பிறைத் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்வுபெற்ற முதியோர் இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் இருக்கின்றனர். எந்தப் பொறியில் வேலை செய்தனர், அதனை எவ்வாறு பேணினர், ஒவ்வோர் உறுப்பையும் எப்பெயரால் அழைத்தனர் என மாணவர்கள் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கேட்பதற்கு ஓர் ஏடும் எழுதுகோலும் போதும். தொண்ணூற்றொன்பது கதவு மாளிகையில் வாழ்ந்தோரின் பெயர்களைப் பிறர் எழுதி வைத்துள்ளனர். ஆலையின் கதவைத் திறந்து, பொறியைத் துடைத்து, எண்ணெயிட்டு ஓடவிட்டோரின் பெயர்களை எழுதும் பொறுப்பு அவர்தம் பேரப்பிள்ளைகளின் கையில் இருக்கிறது.